ஒன்று சேரும், ஒன்று அழியும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கமிஷன் மண்டி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. மாசி, பங்குனியில் உளுந்தும் மல்லாட்டையும் (நிலக்கடலை) மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எடை போட்ட கையோடு சீட்டு வர வேண்டும். விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை, இறக்குகூலி, பிடித்தம் எல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும். மென்பொருளை எழுதுவோர் வேறு. அது ஓடுவதற்கான இடத்தைக் கட்டித் தருவது என் வேலை. சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ், காப்புப் பிரதி, யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்ற அனுமதி ஆகியவை என் பொறுப்பு.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எல்லாமே ஒரே ஒரு கிளவுட் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்தவர் திறமைசாலி. கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து பொத்தான்களை அழுத்தி சர்வரை உருவாக்கி, பிறகு அதற்குள் நுழைந்து தேவையானதை ஒவ்வொன்றாக நிறுவியிருந்தார். வேறு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். இதை அவருடைய குறையாகச் சொல்ல மாட்டேன். அன்று பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அந்த சர்வரில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது அவர் தலையில் மட்டுமே இருந்தது. கிளவுட் கணக்கே அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அதை ஒருமுறை அணைத்து மறுபடி ஏற்றக்கூட எங்களுக்குப் பயம். திரும்பி வராவிட்டால் அதேபோல் இன்னொன்றைக் கட்ட எங்களில் யாருக்கும் தெரியாது.

புதிய இடத்தைக் கட்டும்போது ஒரு பொத்தானையும் கையால் அழுத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். என்ன வேண்டுமோ அதைக் கோப்பில் எழுதுவோம். ஒரு கருவி அதை வாசித்து, கிளவுட் நிறுவனத்தின் ஏபிஐயோடு பேசிக் கட்டி முடிக்கும். இந்த முறை வந்து வெகுநாளாகிறது. அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011இல் வந்தது. ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் 2014இல் வந்தது. ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடாமல் பல கிளவுட் நிறுவனங்களோடும் பேசும் என்பதால் டெராஃபார்ம் வேகமாகப் பரவியது. அதில் படிப்படியாகக் கட்டளை எழுத வேண்டியதில்லை. இத்தனை சப்நெட், இந்த அளவில் டேட்டாபேஸ், அதன் முன்னால் ஒரு லோட் பேலன்சர் என்று முடிவில் எப்படி இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதினால் போதும். எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்பதைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும்.

எழுதிய கோப்புக்கும் கிளவுடில் உண்மையில் இருப்பதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்டேட் ஃபைல். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளக்க நான் கிராமக் கணக்கைச் சொல்வேன். நிலம் அங்கே கிடக்கிறது. இந்தப் புல எண்ணில் இன்னார் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓவிடம் உள்ள அடங்கலில் இருக்கிறது. அடங்கல் தொலைந்தால் நிலம் எங்கும் போகாது, ஆனால் எது யாருடையது என்ற பதிவு போய்விடும். ஸ்டேட் ஃபைல் தொலைந்தாலும் அதே கதிதான். சர்வர்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவை தான் கட்டியவை என்பது கருவிக்குத் தெரியாமல், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கட்டப் புறப்பட்டுவிடும். ஆகவே அதை யாருடைய மடிக்கணினியிலும் வைப்பதில்லை. பழைய பதிப்புகளையும் சேர்த்துக் காக்கும் அமேசானின் எஸ்3 சேமிப்பில் வைக்கிறோம். ஒருவர் மாற்றம் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் நுழையாதபடி பூட்டும் உண்டு.

எழுதத் தொடங்கிய பிறகுதான் பழைய சர்வருக்குள் எவ்வளவு விஷயம் ஒளிந்திருந்தது என்பது தெரிந்தது. ஒவ்வொரு அமைப்புக் கோப்பையும் திறந்து, இயல்பாக இருக்க வேண்டியதிலிருந்து எது மாறியிருக்கிறது என்று தேடினோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

முதலில் எழுத்துமுறை. பழையதில் இருந்தது மைஎஸ்க்யூஎல் 5.7. அதன் இயல்பான எழுத்துமுறை லத்தீன்1. அந்த நிலையில் ஒரு விவசாயியின் பெயரைத் தமிழில் சேமித்தால் பல சமயம் கேள்விக்குறிகளின் வரிசைதான் மிஞ்சும். முன்னவர் இதைக் கண்டுபிடித்து எங்கோ ஒரு வரியை மாற்றிவைத்திருந்தார். 2018இல் வந்த 8.0 பதிப்பில் இயல்பே யூடிஎஃப்8எம்பி4 ஆகிவிட்டது, தமிழ் தானாகவே நிற்கும். இருந்தாலும் டேட்டாபேஸின் பாராமீட்டர் குரூப்பில் அதை வெளிப்படையாக எழுதி, ஏன் எழுதினோம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டோம். இயல்பை நம்பி விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது. அடுத்தவர் வாசிக்கும்போது, இங்கே தமிழ் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. சீட்டைப் பிடிஎஃப் ஆக்கும் பகுதி கன்டெய்னரில் ஓடுகிறது. கன்டெய்னருக்கான அடிப்படை இமேஜ் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்பார்கள். சரிதான், ஆனால் அந்தச் சிறிய இமேஜில் தமிழ் எழுத்துரு எதுவும் இருப்பதில்லை. முதல் சோதனையில் சீட்டு முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவும் வரியைச் சேர்த்ததும் எழுத்து வந்தது. அப்போதும் 'கொ' சரியில்லை. கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் உட்கார வேண்டும். பிடிஎஃப் செய்யும் நூலகம் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரிந்ததாக இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். அந்த நூலகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் மண்டிக்காரர் ஒருவர் சொன்னார்: "தம்பி, சீட்டுல மல்லாட்டைன்னு ஒழுங்கா வரலன்னா ஜனம் அதக் கையில வாங்காது." அவர் சொன்னது முழுக்க நியாயம். எடைச்சீட்டில் தன் பெயரும் ஊரும் பிழையாக இருந்தால் தொகையும் பிழையாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எழுத்துரு நிறுவும் அந்த ஒரு வரியும் இடத்தைக் கட்டும் கோடின் பகுதி. அதை யாரும் கையால் நினைவு வைத்துச் செய்யக் கூடாது.

மூன்றாவது நேரம். கிளவுடில் திட்டமிட்ட வேலைகளை நாங்கள் கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறோம். இரவு 2 மணிக்கு அன்றைய கணக்கை மூட வேண்டும் என்றால் முந்தைய நாள் 20:30 என்று எழுத வேண்டும். காலை 9 மணிக்குப் பாக்கி நினைவூட்டல் குறுஞ்செய்தி போக வேண்டும் என்றால் 3:30. பழைய சர்வரை நம் நேரத்துக்கு மாற்றிவைத்திருந்தார்கள், அதனால் எண்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்து நகல் எடுத்திருந்தால் கணக்கு மூடும் வேலை காலை ஏழரைக்கு, மண்டியில் ஏலம் சூடு பிடிக்கும் நேரத்துக்குப் போயிருக்கும். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே இந்திய நேரம் என்ன என்பதைக் கோப்பிலேயே குறித்தோம். இந்தக் குறிப்பு பின்னால் ஒரு நெருக்கடியில் கைகொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஊரில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் தன் மையங்களைத் திறந்தது. நாங்கள் மும்பையில் ஓடவிட்டு, காப்புப் பிரதியை ஹைதராபாத்துக்கு அனுப்புகிறோம். அவசியம் வந்தால் அதே கோப்புகளைக் கொண்டு ஹைதராபாத்தில் முழு இடத்தையும் எழுப்பலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சர்வர் இமேஜின் அடையாள எண் ஊருக்கு ஊர் வேறு. மும்பையின் எண்ணை நேரடியாக எழுதிவைத்தால் ஹைதராபாத்தில் அது எதையும் குறிக்காது. ஆகவே எண்ணை எழுதாமல், இந்த வகை இமேஜில் புதியதைத் தேடி எடு என்று எழுத வேண்டும். நெட்வொர்க் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேட்டாபேஸுக்கும் லோட் பேலன்சருக்கும் குறைந்தது இரண்டு வெவ்வேறு மண்டலங்களில் சப்நெட் கேட்பார்கள், கொடுத்தோம். பழைய சர்வரில் டேட்டாபேஸின் 3306 போர்ட் உலகத்துக்கே திறந்து கிடந்தது. புதியதில் டேட்டாபேஸுக்கு வெளியிலிருந்து வழியே இல்லை.

சில முடிவுகளைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும். டேட்டாபேஸின் சேமிப்பை மறையாக்கம் செய்வது அதில் ஒன்று. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் எங்களிடம் இருக்கின்றன. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்திராவிட்டாலும் அந்த எண்களைக் காப்பது எங்கள் கடமை. முதல் நாளே அதை எழுதிவிட்டால் ஒரு வரி வேலைதான். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஓடுகிற டேட்டாபேஸில் அதை அப்படியே இயக்க முடியாது. பழையதை அழித்துப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும் என்று கருவி சொல்லும்.

இங்கேதான் இந்தத் தொழிலின் மையம் இருக்கிறது. எழுதி முடித்தபின் கருவி உடனே கட்டத் தொடங்குவதில்லை. முதலில் பிளான் என்று ஒரு பட்டியலைத் தரும். கோப்பில் உள்ளதையும் ஸ்டேட் ஃபைலையும் கிளவுடில் உண்மையில் இருப்பதையும் ஒப்பிட்டு, என்னென்ன செய்யப்போகிறேன் என்று சொல்லும். பச்சைக் கூட்டல் குறி புதிதாகச் சேர்வதற்கு, சிவப்புக் கழித்தல் குறி அழிவதற்கு. கடைசி வரியில் சேர்வது எத்தனை, மாறுவது எத்தனை, அழிவது எத்தனை என்று மூன்று எண்கள் இருக்கும். நாம் சரி என்றால்தான் அப்ளை ஆகும். கோடு எழுதுவதற்கு இணையத்தில் எத்தனையோ மாதிரிகள் கிடைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் எழுதியும் கொடுத்துவிடுகிறது. பிளானை வாசிப்பதற்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. என் கண்ணில் நல்ல பொறியாளர் என்பவர் அதைக் கடைசி வரிவரை வாசிக்கிறவர்.

திண்டிவனம் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த தங்கை ஒருவர் இதை எனக்கு இன்னும் தெளிவாக்கினார். கோப்புகளில் பெயர்கள் தாறுமாறாக இருக்கின்றன என்று அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தோம். டேட்டாபேஸுக்குக் கோடில் இருந்த உள்பெயரை மாற்றினார். வேறு எதையும் தொடவில்லை. பிளானை ஓடவிட்டுப் பார்த்தவர் என் மேசைக்கு வந்தார். "அண்ணா, நான் பேரு மட்டும்தான் மாத்தினேன். ஒண்ணு சேரும், ஒண்ணு அழியும்னு காட்டுதே, ஏன்?"

கருவிக்கு அந்தப் பெயர்தான் அடையாளம். பழைய பெயரைக் கோப்பில் காணோம், ஆகவே அந்த டேட்டாபேஸ் வேண்டாதது. புதிய பெயர் ஒன்று வந்திருக்கிறது, ஆகவே புதிதாகக் கட்ட வேண்டும். கருவியின் கணக்கில் தவறே இல்லை. அழிக்கக் கூடாது என்று ஒரு காவல் வரியை அந்த டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதியிருந்தோமே என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் காவல், அது எழுதப்பட்டிருக்கும் பகுதி கோப்பில் இருக்கும்வரைதான் செல்லும். பெயரை மாற்றியதும் பழைய பெயரில் இருந்த பகுதியே இல்லாமல் போகிறது, அதோடு காவலும் போய்விடுகிறது. பல வருடம் இந்த வேலை பார்த்தவர்களில்கூட எல்லாருக்கும் இது தெரியாது. இதனால்தான் கிளவுட் நிறுவனத்தின் தரப்பிலும் டேட்டாபேஸுக்கு அழிப்புத் தடையைத் தனியாகப் போட்டுவைக்க வேண்டும். அது இருந்ததால் அப்ளை செய்திருந்தாலும் டேட்டாபேஸ் அழிந்திருக்காது, பிழைச்செய்திதான் வந்திருக்கும். ஆனாலும் தடையை நம்பி வாசிக்காமல் விடுவது இந்த வேலைக்கு ஆகாது. டெராஃபார்மின் 1.1 பதிப்பிலிருந்து இதற்கு முறையான வழி உண்டு. இந்தப் பெயர் அந்தப் பெயராக மாறியது என்று தனியாக ஒரு மூவ்டு பகுதி எழுத வேண்டும். எழுதினார். மறுபடி பிளான் ஓடியது. சேர்வது இல்லை, மாறுவது இல்லை, அழிவது இல்லை.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி. எந்த மாற்றமும் கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) தனிக் கிளையாக வரும். பிளான் அங்கேயே தானாக ஓடிப் பதிவாகும். எழுதியவரைத் தவிர இன்னொருவர் அதை வாசித்து ஒப்புதல் தர வேண்டும். அழியும் எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் ஏன் என்று ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும். அப்ளை செய்வது எங்கள் மடிக்கணினிகள் அல்ல, அதற்கென்று அமைத்த தானியங்கி பைப்லைன். எங்களில் பாதிப் பேர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ரயிலில் போய் வருகிறவர்கள். பேரணி தாண்டும்போது சிக்னல் அறுந்தால், பாதியில் நின்ற அப்ளையும் பூட்டிய ஸ்டேட் ஃபைலும் மிஞ்சும். பைப்லைனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்டேட் ஃபைலில் ஒரு சங்கடம் உண்டு. கடவுச்சொல்லைக் கருவியின் வழியாகக் கொடுத்தால் இயல்பாக அது அந்தக் கோப்பில் வெறும் எழுத்தாகவே பதிந்துவிடும். டேட்டாபேஸின் கடவுச்சொல்லை கிளவுட் நிறுவனமே உருவாக்கித் தன் ரகசியப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளச் செய்தோம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றி, திறந்த மூலத்திலிருந்து விலகியது. எங்களைப் போலச் சொந்த வேலைக்குப் பயன்படுத்துவோரை புதிய உரிமத்தின் கட்டுப்பாடு நேராகத் தொடாது. ஆனாலும் டெராஃபார்மிலிருந்து பிரிந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளரும் ஓப்பன்டோஃபுவுக்கு மாறினோம். ஸ்டேட் ஃபைலையே மறையாக்கம் செய்யும் வசதி 2024இல் அதில் வந்தது. ஊரின் கணக்கெல்லாம் ஓடும் இடத்தின் அடித்தளம் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய, யாரும் பூட்டிவிட முடியாத கருவியில் இருப்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. அரசூரில் நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட, டிசம்பர் 2 அன்று ரயில்களை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மும்பையில் இருந்த சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. அதுதான் கவலையாக இருந்தது. காலை 9 மணி ஆனால் பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். கிடங்கில் தண்ணீர் புகுந்து மூட்டைகள் நனைந்து நிற்கும் வியாபாரிக்கு, வயல் மூழ்கிக் கிடக்கும் விவசாயிக்கு, பணம் கட்டுங்கள் என்று செய்தி போகக் கூடாது.

எங்கள் குழுவில் ஒருவர் மதுரைக்குப் போயிருந்தார், இன்னொருவர் பெங்களூரில் இருந்தார். இருவரும் அந்தப் பகுதியை எழுதியவர்கள் இல்லை. கோப்பைத் திறந்தார்கள். 3:30 என்ற எண்ணுக்கு எதிரே, காலை 9 மணி பாக்கி நினைவூட்டல் என்று தமிழில் குறிப்பு இருந்தது. ஒருவர் அதை நிறுத்திவைக்கும்படி ஒரு சொல்லை மாற்றினார். மற்றவர் பிளானை வாசித்தார். சேர்வது இல்லை, மாறுவது ஒன்று, அழிவது இல்லை. ஒப்புதல் கொடுத்தார். எங்களில் யாரையும் அவர்களால் தொடர்புகொள்ள முடியவில்லை, தொடர்புகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. பழைய சர்வராக இருந்தால் அதை அமைத்தவரைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். சிக்னல் திரும்பிய பிறகு கிட்டில் அந்த மாற்றத்தையும் ஒப்புதலையும் பார்த்து, நடந்ததை முழுக்கத் தெரிந்துகொண்டேன்.

2024 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 31 கோடி ரூபாயில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். இங்கேயே தங்கி வேலை பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. விழுப்புரத்தில் உட்கார்ந்து இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று இப்போதும் கேட்கிறார்கள். மும்பையில் உள்ள சர்வருக்கு விழுப்புரத்திலிருந்து கோடு வந்தாலும் சிகாகோவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். இங்கே சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் மாதம் கோடு எழுதக் கொடுப்பதில்லை. பழைய பிளான்களைக் கொடுத்து, இதில் எது அழியும், ஏன் அழியும் என்று எழுதிவரச் சொல்கிறோம்.

மண்டி, மருத்துவமனை, பள்ளி, கடை என்று எதை நடத்துபவராக இருந்தாலும், மென்பொருள் செய்து தருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கிளவுட் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? அந்த இடத்தைக் கட்டிய கோடு எங்கே இருக்கிறது? ஸ்டேட் ஃபைல் யார் கையில் இருக்கிறது? முதல் கேள்விக்கு உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் பதிலாக வராவிட்டால், மற்ற இரண்டையும் கேட்பதற்கு முன் அதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.